மார்ச் இருபத்திரண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

செப்டம்பர் 1

கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில் தாள் மாற்றினேன். செப்டம்பரில் எட்டு பேர். அதில் இரண்டு சிலுவை. ஒன்று வெய்மா மாமா, ஒன்று என் வீட்டுக்காரர் ரூலஃப். பேரை அழிப்பதில்லை யாரும். ஆள் போனபின் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவையைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். கிழமை இல்லாத நாட்காட்டி, வருடா வருடம் அதேதான். இது தொங்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, ஆணி மட்டும் ஒருமுறை மாற்றியாயிற்று.

இன்று கால் பராமரிப்புக்கு நாலு வீடு, எட்டுப் பாதம். பக்கர் தாத்தா போன மாதம் வெட்டிய நகத்தை இந்த மாதமும் வெட்டச் சொல்கிறார். பேச்சுத்துணைக்குத்தான். நேராகவே சொல்லிவிட்டேன்: "நகம் இல்லை தாத்தா, வேணும்னா காபி மட்டும் குடிச்சிட்டுப் போறேன்." சிரித்தார். நான் எதையும் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. மெப்பெல் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து ஊர் ஸ்டேன்வைக்கிலிருந்து புது அழைப்பு. திருமதி ஹார்ம்ஸ், எழுபத்து நாலு வயது, சர்க்கரை. பன்னிரண்டாம் தேதி பத்து மணி.

செப்டம்பர் 8

ரூலஃப் இருந்திருந்தால் அறுபத்தாறு. ஃபென்னாவிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அப்பா பிறந்தநாளுக்குக்கூட என்னைக் கூப்பிடமாட்டாள். மூன்றரை வருடம். பெற்ற மகள்! நான் அப்படி என்ன செய்துவிட்டேன்?

செப்டம்பர் 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

திருமதி ஹார்ம்ஸ் நல்ல மாதிரி. பருமன், வாய் ஓயாத பேச்சு. பிஸ்கட் டப்பாவைத் திறந்தே வைத்தார், அதுவே அதிசயம். காலைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டேன். பத்து நிமிடம் ஊற வேண்டும். அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

எதிரே நாட்காட்டி. யார் வீட்டுக்குப் போனாலும் என் தேதியைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். அந்த நாளில் வேறு யார் பிறந்திருக்கிறார்கள் என்று ஒரு ஆசை. மார்ச் தாளை எடுத்தேன். 22.

"ஃபென்னாவின் அம்மா", பக்கத்தில் சிலுவை.

முதலில் சிரித்தேன். நிஜமாக. யாரோ ஒரு ஃபென்னா, அவளுக்கு ஒரு அம்மா, பாவம், என் நாளிலேயே பிறந்து போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று. அப்புறம் ஏதோ உறுத்தியது. நவம்பரைப் புரட்டினேன். 9: ஃபென்னா. பக்கத்தில் பிறந்த வருடம். என் மகள் பிறந்த அதே நாள், அதே வருடம்!

உட்கார்ந்தபடியே எல்லாத் தாளையும் புரட்டினேன். ஜூன் 12: லீகெ. போன வருடம் பிறந்திருக்கிறாள். லீகெ யார்? யார் லீகெ?

வெளியே வந்தேன். நடையில் கோட்டு மாட்டும் இடத்துக்கு மேலே ஒரு படம். கடற்கரை. நெட்டையான ஒரு பையன், அவன் தோளில் ஒரு குழந்தை, பக்கத்தில் காற்றில் முடி பறக்க என் ஃபென்னா. பல் தெரியச் சிரிக்கிறாள். குழந்தைக்கு ரூலஃபின் காது.

எனக்குப் பேத்தி இருக்கிறாள். நான் செத்துப்போயிருக்கிறேன். இரண்டும் ஒரே நிமிடத்தில் தெரிந்தது.

எப்படி உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. இருபத்தாறு வருடத் தொழிலில் முதல் தடவையாக ஒருவர் விரலில் சதையை வெட்டிவிட்டேன். அதுவும் சர்க்கரைக்காரர்! ஒரு சொட்டு ரத்தம்தான், ஆனாலும். உடனே மருந்து வைத்துக் கட்டினேன்.

"பரவாயில்லை டினி, இன்னும் ஒன்பது விரல் இருக்கு" என்றார் திருமதி ஹார்ம்ஸ். "உங்க முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? பேயைப் பார்த்தீங்களா?"

பேயே நான்தானம்மா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவருக்கு நான் யாரென்று தெரியாது. தொழிலில் என் பிறந்த வீட்டுப் பேர், ஃபென்னாவுக்கு அப்பா பேர்.

செப்டம்பர் 13

வேலைக்குப் போகவில்லை. அப்படியே ஆடிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

செத்துட்டேனா? நானா? தலைமுழுகினது போதாதுன்னு சிலுவையும் போட்டாச்சா? உயிரோட இருக்கிறவளுக்கா? காய்ச்சல்ல ராத்திரி பூரா மடியில வெச்சிருந்தேனே, அந்த மடி செத்துப்போச்சா!

தங்கை ஹில்லிக்குப் போன் செய்து கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "அக்கா, அன்னிக்கு நீ அவகிட்ட என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"உட்காரும்மான்னு சொன்னேன். வேறென்ன?"

"அவ்வளவுதானா?"

போனை வைத்துவிட்டேன். எல்லோரும் அவள் பக்கம்.

செப்டம்பர் 20

ஒரு மனுஷி என்ன நினைத்து அப்படிச் சொல்வாள்? கோபம் இருந்தால் "எனக்கும் அம்மாவுக்கும் பேச்சு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாமே? இந்தக் காலத்தில் அது ஒரு பெரிய விஷயமா? நான் போகிற வீடுகளில் பாதிப்பேருக்குப் பிள்ளைகளோடு பேச்சு இல்லை. யாரும் யாருக்கும் சிலுவை போடவில்லை.

ஒருவேளை அந்த வீட்டார் தப்பாகப் புரிந்துகொண்டார்களோ? இல்லை. அந்த அம்மாள் அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார். கேட்டுத்தான் எழுதியிருப்பார்.

அக்டோபர் 1

தாள் மாற்றினேன்.

3: ஃபென்னா – குழந்தை.

என் கையெழுத்து. நீல மை. நன்றாக அழுத்தி எழுதியது.

கடவுளே.

இது இங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் முப்பத்தோரு நாள் இதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லையே? பட்டிருக்கும். பட்டும் ஒன்றும் ஆகவில்லை எனக்கு. நான் எப்படிப்பட்ட பிறவி?

சரி. எழுதிவிடு டினி. உனக்கு நீயே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்.

பேச்சு நின்ற அந்த வருடம் பிப்ரவரியில் ஃபென்னா போன் செய்தாள். எட்டு வாரம். "யார்கிட்டயும் சொல்லாதேம்மா, இன்னும் நாள் ஆகணும்." சரி என்றேன். வாயால் யாரிடமும் சொல்லவில்லை. நேராகப் போய் நாட்காட்டியில் எழுதினேன். பென்சிலால்கூட இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

மார்ச் பதினெட்டு, மறுபடி போன். கலைந்துவிட்டது. அவளோடு இருந்தவனும் அந்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டான். "அழாதே, இன்னொண்ணு வரும்" என்றேன். நாலு நாளில் என் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு இருபத்திரண்டு பேர். ஃபென்னாவும் வந்தாள், வராமல் இருந்தால் கேள்வி வருமே என்று. இருபத்திரண்டு பேர் காபி குடித்தால் இருபத்திரண்டு பேரும் கழிப்பறைக்குப் போவார்கள். போகிறவர்கள் தங்கள் பேரைத் தேடித் தாளைப் புரட்டுவார்கள். நான் புரட்டுகிற மாதிரியே.

ஒருத்தி வந்தாள், ஃபென்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கி "வாழ்த்துகள்" என்றாள். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் வட்டம் முழுக்க ஒவ்வொருவராக. "அக்டோபராமே! வாழ்த்துகள்!" அவள் மடியில் கேக் தட்டு. எழுந்து நின்றாள். ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து, அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நான் என்ன சொன்னேன்? உட்காரும்மா என்றேன். அவ்வளவுதான் என் ஞாபகம். மூன்றரை வருடமாக அவ்வளவுதான்.

ஹில்லிக்குப் போன் செய்தேன். "சொல்லு" என்றேன். "நான் என்ன சொன்னேன்?"

"வேண்டாம்க்கா."

"சொல்லித் தொலைடி!"

"'நாடகம் ஆடாம உட்காருடி, கேக் வீணாப்போகுது'ன்னு சொன்னே. அதைச் சொல்லிட்டு எனக்கு இன்னொரு துண்டு வேணுமான்னு கேட்டே."

அக்டோபர் 2

நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று நேற்று ராத்திரி பூரா வாதாடினேன். விடிந்தபோது அந்த வாக்கியம் என் குரலிலேயே கேட்டது. என் சொல்தான் அது. அச்சு அசல் என் வாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணல் நான்தான்.

மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எனக்கு வேண்டாததை வெட்டி எறிந்திருக்கிறது! நகம் வெட்டுகிற நான்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டமாட்டேன்.

அக்டோபர் 3

மையை அழிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு சிலுவை போட்டேன். சின்னதாக, மற்றவர்களுக்குப் போடுகிற மாதிரியே.

அக்டோபர் 24

மறுபடி ஸ்டேன்வைக். ஏன் போனேன் என்று கேட்காதே. ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்பது திட்டம், அதனால் போனேன். பொய். படத்தைப் பார்க்கப் போனேன்.

காலை ஊறப்போட்டுவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்: "நடையில இருக்கிறது உங்க மகனா?"

"என் யோரிட். அது மருமக ஃபென்னா, தங்கம். கல்யாணம் இன்னும் பண்ணிக்கல, எனக்கு மருமகதான். பாவம், அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்லை. அம்மா திடீர்னு போயிட்டாங்களாம். ஒரு வார்த்தை பேசக்கூட நேரம் கிடைக்கலையாம்."

"அப்படியா" என்றேன். குதிகாலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அந்தம்மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா. சைக்கிள் கத்துக்கும்போது கடைசி வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்து, 'நிமிர்ந்து பாரு, மடத்தனமா கீழ பாக்காதே'ன்னு கத்துவாங்களாம். கடுகு சூப் வெச்சா தெருவே மணக்குமாம். சமயத்துல எனக்கே பொறாமையா இருக்கும் டினி! செத்தவங்களோட யாரு போட்டி போட முடியும்?"

தலை குனிந்திருந்ததால் தப்பித்தேன். கண்ணீர் தொட்டியில் விழுந்தது, உப்புத் தண்ணீர் காலுக்கு நல்லதுதான்.

மூன்றரை வருடமாக அவள் என்னை வெறுக்கிறாள் என்று நினைத்திருந்தேன். வெறுக்கவில்லை! கடுகு சூப்பைச் சொல்லியிருக்கிறாள். பின்னால் ஓடியதைச் சொல்லியிருக்கிறாள். செத்தவளைத்தான் அவளால் நேசிக்க முடிகிறது. உயிரோடு இருக்கிறவள் வாயைத் திறப்பாளே. இதைவிடப் பெரிய அடி ஏதாவது இருக்கிறதா?

நவம்பர் 9

முப்பத்திரண்டு. கடுகு சூப் வைத்தேன். தெரு மணத்ததா என்று தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

டிசம்பர் 5

குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் பண்டிகை நாளிலும் திருமதி ஹார்ம்ஸ் வரச்சொன்னார். மேசையில் சாக்லேட் எழுத்துகள் வரிசையாக, அவரவர் பேரின் முதல் எழுத்து. யோரிட்டுக்கு ஒன்று, ஃபென்னாவுக்கு ஒன்று, லீகெயுடையது சின்னது. சாயந்திரம் எல்லோரும் வருகிறார்களாம், பரிசுப் பொட்டலம் பிரிக்க. எனக்கும் ஒரு எழுத்து எடுத்து வைத்திருந்தார்! "கால் பார்க்கிறவங்களும் வீட்டு மனுஷங்கதானே."

அப்புறம் கேட்டார், வெகு சாதாரணமாக: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க டினி?"

"இல்லைங்க" என்றேன். "பிள்ளைங்க இல்லை."

நாக்கு தானாகச் சொன்னது. யோசிக்கவே இல்லை. ஒன்று என்று சொன்னால் பேர் என்ன என்பார், எங்கே இருக்கிறாள் என்பார், பண்டிகைக்கு வருவாளா என்பார். ஒவ்வொரு கேள்விக்கும் தோலை உரித்துக் காட்டவேண்டும். இல்லை என்றால் ஒரே வார்த்தையில் முடிந்தது. அதோடு ஒரு பரிதாபப் பார்வையும் இன்னொரு பிஸ்கட்டும் கிடைத்தது.

இவ்வளவு சுலபமா? ஒரு நொடியில் நானும் என் பிள்ளையைக் கொன்றுவிட்டேனே! அவளை மனசுக்குள் ராட்சசி என்று திட்டியிருக்கிறேன். அவளுக்கும் இப்படித்தான் வாயிலிருந்து நழுவியிருக்கும்.

வண்டியில் உட்கார்ந்து அந்தச் சாக்லேட் எழுத்தை முழுசாகத் தின்றேன். மெப்பெல் வரை தலைவலி.

ஜனவரி 14

ஹில்லி வந்தாள். "போய் உடைச்சுச் சொல்லு" என்கிறாள். "நான்தான் அம்மான்னு சொல்லு. எத்தனை நாளைக்கு அந்தம்மா காலைப் பிடிச்சுக்கிட்டு ஒட்டுக்கேட்பே? உனக்கே அசிங்கமா இல்லை?"

அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அந்த வீட்டில் ஃபென்னா பொய்க்காரி ஆவாள். பெற்ற தாயையே சாகடித்தவள் என்று அந்த நல்ல மனுஷி அவளைப் பார்ப்பார். யோரிட் பார்ப்பான். மறுபடியும் என் வாயால், ஒரு கூட்டத்துக்கு நடுவில், அவள் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

சொல்லாவிட்டால் நான் செத்தவளாகவே இருக்கவேண்டும். லீகெ பெரியவளாகி நாட்காட்டியைப் படிக்கப் பழகும்போது என் சிலுவையை எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

"சொல்லமாட்டேன்" என்றேன்.

ஹில்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? வாயை மூடிக்கிட்டா? உடம்பு கிடம்பு சரியில்லையா அக்கா?"

பிப்ரவரி 13

திருமதி ஹார்ம்ஸின் காயம் நன்றாக ஆறிவிட்டது, தோல் மிருதுவாகிவிட்டது. அடுத்த சந்திப்பு எப்போது என்று டைரியை எடுத்தார். "மார்ச் இருபத்திரண்டு, காலை பத்து" என்றேன்.

"ஐயோ, அன்னிக்கு..." என்று யோசித்தார். "சரி, காலையிலதானே. சாயந்திரம்தான் பிள்ளைங்க வருவாங்க."

வேண்டுமென்றேதான் கேட்டேன். எனக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். எந்த மனுஷிக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பு?

மார்ச் 22

மேசையில் வெள்ளை மெழுகுவர்த்தி. பக்கத்தில் குவளையில் வெள்ளை துலிப். எனக்காக.

"இன்னிக்கு ஃபென்னாவோட அம்மா பிறந்தநாள்" என்றார் திருமதி ஹார்ம்ஸ். "மூணு வருஷமா ஏத்துறேன். பார்த்தது கூட இல்லை அந்தம்மாவை. ஆனா இப்படி ஒரு பொண்ணை வளர்த்திருக்காங்களே."

அறுபது வயது எனக்கு இன்று. அறுபது வருடத்தில் ஒருவரும் எனக்காக இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. முக்காலியில் உட்கார்ந்து, அவர் வலது காலை மடியில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

பதினொன்றுக்குப் பின்வாசல் கதவு திறந்தது.

"அத்தே! லீகெக்குக் காய்ச்சல், காப்பகத்துல கூப்பிட்டுக்கச் சொல்லிட்டாங்க—"

குரலிலேயே தெரிந்துவிட்டது. தலையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் தூக்கினேன்.

சமையலறை வாசலில் என் மகள். இடுப்பில் குழந்தை. முகத்தில் சுத்தமாக ரத்தம் இல்லை. கட்டைவிரலை நான் எவ்வளவு அழுத்திப் பிடித்தேன் என்றால், திருமதி ஹார்ம்ஸ் "ஆ!" என்றார்.

"வாம்மா, வா. இவங்கதான் என் கால் டினி. சொல்லியிருக்கேனே."

ஒரு வார்த்தை. என் வாயில் ஒரே ஒரு வார்த்தை நின்றது. நாக்கின் நுனியில். எண்ணிப் பார்த்தால் அறுபது வருடத்தில் முதல் தடவையாக நான் அதை விழுங்கினேன்.

காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கையைத் துடைத்தேன். புதிதாக ஒருவரைப் பார்த்தால் கைகொடுத்துப் பேர் சொல்ல வேண்டும், அதுதானே மரியாதை. கையை நீட்டினேன்.

"டினி" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். அப்புறம் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"ஃபென்னா" என்றாள்.

அந்தப் பேரை அவளுக்கு வைத்ததே நான்தான். ரூலஃபுக்கு வேறு பேர் பிடித்திருந்தது, சண்டை போட்டு வைத்தேன். அதை எனக்கு அறிமுகம் செய்தாள்.

குழந்தையும் கையை நீட்டியது. "கீகெ" என்றது. காய்ச்சல் கை, சுட்டது. அதைப் பிடித்து ஆட்டினேன். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மிச்சம் மூன்று விரல் இருந்தது. அவசரப்படாமல் முடித்தேன். முதுகில் அவள் பார்வை. கிளம்பும்போது திருமதி ஹார்ம்ஸ், "பெட்டி கனமாச்சே, ஃபென்னா, வண்டி வரைக்கும் கொண்டுபோய்க் கொடும்மா" என்றார். நல்ல மனுஷி, என்ன செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"செப்டம்பர்லேருந்து."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை."

"ஏன்?" கிட்டத்தட்டக் கத்தினாள். "நீயா சொல்லாம இருந்தே? நீயா?"

"செத்தவ எப்படிடி பேசுவா?" என்றேன். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவள் உதடு ஒரு பக்கம் கோணியது. சின்ன வயசில் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் கோணும். உடனே அழுகையாகிவிட்டது.

"முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தப்போ கேட்டாங்க. செத்துட்டாங்கன்னு வந்துடுச்சு வாயில. சொன்ன உடனே அழுகை வந்துச்சும்மா. நிஜமா. நிறுத்தவே முடியலை. அவங்க என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படித் திருப்பி எடுக்கிறது?"

அம்மா என்றாள். அவளுக்கே தெரியாமல்.

"அக்டோபர் மூணு என் நாட்காட்டியில அப்படியேதான் இருக்கு" என்றேன். "மையால எழுதிட்டேன். இப்போ பக்கத்துல சிலுவை போட்டிருக்கேன். எழுதினதே தப்பு. அன்னிக்குக் கேக்கைப் பத்திப் பேசினேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு. எனக்கு மறந்தே போச்சு ஃபென்னா. ஹில்லி சொல்லித்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கோன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை."

சிலுவை என்று சொன்னபோது மட்டும் என் முகத்தை நேராகப் பார்த்தாள். உள்ளே குழந்தை அழுதது. போய்விட்டாள். பெட்டி தரையிலேயே இருந்தது. நானே தூக்கி வைத்தேன்.

மார்ச் 23

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 17

திருமதி ஹார்ம்ஸ் போன் செய்தார். குரல் வேறு மாதிரி. "மே மாசச் சந்திப்பு வேண்டாம். தேவைப்பட்டா நானே கூப்பிடுறேன்." டினி என்று பேர் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

சொல்லிவிட்டாள். அவளே சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ? அவளைத் துரத்திவிட்டார்களோ? யோரிட்? குழந்தை? யாரைக் கேட்பது? நான் அங்கே போகாமலே இருந்திருக்கலாம். செத்தவள் செத்த இடத்திலேயே கிடந்திருக்கலாம்.

ஏப்ரல் 30

தூக்கம் இல்லை. ஹில்லி சூப் கொண்டுவந்தாள். என்னை விட மோசமாக வைக்கிறாள்.

மே 19

ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கொடுத்த தண்டனை போலும். மூன்றரை வருடம் நான் தெரிந்துகொள்ளவே விரும்பாமல் இருந்தேன், இப்போது தெரிந்தே ஆகவேண்டும் என்று துடிக்கிறேன்.

ஜூன் 4

திங்கட்கிழமை போன் வந்தது. "கால் வலிக்குது. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க." அவ்வளவுதான்.

போனேன். வாசலிலேயே நிறுத்தினார். கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூணு வருஷம் மெழுகுவர்த்தி ஏத்தியிருக்கேன்" என்றார். "நீங்க என்னடான்னா குத்துக்கல்லாட்டம் முன்னால உட்கார்ந்து என் நகத்தை வெட்டுறீங்க! அதுவும் துலிப் வேற வாங்கி வெச்சேன்!"

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அவளை ஒரு வாரம் ஏறெடுத்துப் பாக்கலை நான். யோரிட்தான் ரொம்ப உடைஞ்சுபோயிட்டான். அப்புறம் ஒரு நாள் முழுக்கதையும் சொன்னா. அக்டோபர் கதையும். கேக் கதையும்." தலையை ஆட்டினார். "ரெண்டு பேரும் ஒரே அச்சு. தாயும் பொண்ணும். ஒருத்தி பேசிக் கொல்றா, ஒருத்தி பேசாமக் கொல்றா. உள்ளே வாங்க, தண்ணி ஆறுது."

முக்காலியில் உட்கார்ந்தேன். காலை ஊறப்போட்டேன். அவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்று எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீட்டினார்.

"பன்னிரண்டாம் தேதி லீகெக்கு ரெண்டு வயசு" என்றார். "இங்கேதான். ஃபென்னா ஒரு நாற்காலி கூடுதலாப் போடச் சொன்னா. கதவுப் பக்கம். சேதி ஒண்ணும் சொல்லி அனுப்பினா. அவ வார்த்தையிலேயே சொல்றேன்: 'உட்காரட்டும். கேக் சாப்பிடட்டும். பேச வேண்டாம்.'"

கழிப்பறைக்குப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

ஜூன் தாள் தொங்கியது. பன்னிரண்டில் லீகெ. மார்ச்சுக்குப் புரட்டினேன். திருமதி ஹார்ம்ஸின் கையெழுத்து அப்படியே இருந்தது, ஃபென்னாவின் அம்மா. சிலுவை தெரியவில்லை. அதன் மேல் குழந்தைகள் ஒட்டும் படம் ஒன்று, மஞ்சள் வாத்து, கொஞ்சம் கோணலாக. பக்கத்தில் என் மகளின் கையெழுத்தில் நான் பிறந்த வருடம்.

வாத்தின் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக ஒட்டியிருக்கிறது.